ஒரு லிட்டர் எங்கே போனது?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு சனிக்கிழமை மதிய இடைவேளை. பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினேன். துடைத்தேன், உள்ளே விட்டு மறுபடி உருவினேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு சொட்டு. முந்தின நாள் மாலை வீட்டில் பார்த்தபோது மேல்கோட்டைத் தொட்டு நின்ற ஆயில் அது. என் காரில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருப்பது ஒரு லிட்டர். இன்ஜினுக்குள் மொத்தமே ஐந்து லிட்டர்தான். ஐந்தில் ஒன்று காலையிலிருந்து மதியத்துக்குள் காணாமல் போயிருந்தது. தரையில் படுத்து அடியில் பார்த்தேன், கசிவு எதுவும் இல்லை. டர்போ பைப்பைத் தொட்டுப் பார்த்தேன், அங்கேயும் ஈரம் இல்லை.

அன்று காலை மூன்று செஷன் ஓட்டியிருந்தேன், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், என் வேகத்துக்கு ஒரு செஷனில் ஒன்பது சுற்று வரும். 27 சுற்று என்றால் சுமார் 100 கிலோமீட்டர். காரின் கையேட்டில் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஆயில் குறையலாம் என்று போட்டிருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் அதைப்போல இருபது மடங்கு. கையில் இருந்த ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே ஊற்றினேன். மதியம் ஓட்ட மனசு வரவில்லை. மெதுவாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

காரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: இரண்டு கதவு, நாலு சிலிண்டர், 2,000 சிசி டர்போ பெட்ரோல், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பத்து வருடம் சேர்த்த பணம். அதனால் அந்த ஒரு லிட்டர் எனக்குச் சின்ன விஷயமாக இல்லை.

இரண்டு பதில்கள்

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார், நல்ல மனிதர். "ஸ்போர்ட்ஸ் காரை அடிச்சு ஓட்டினா ஆயில் குடிக்கும் சார். நார்மல்தான்" என்றார். எவ்வளவு குடித்தால் நார்மல், எதற்கு மேல் போனால் கோளாறு என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "ரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கணும்" என்றார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். சொன்ன தொகை லட்சக்கணக்கில் இருந்தது.

ஒரே அறிகுறிக்கு ஓர் இடத்தில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள், இன்னோர் இடத்தில் இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு பேரும் அளந்து பார்க்கவில்லை. என்னை அரித்தது இதுதான். உடம்புக்கு முடியவில்லை என்று போனால் டாக்டர் முதலில் தெர்மாமீட்டரைத்தானே எடுக்கிறார்? ஆயில் குறைகிறது என்று ஒருவன் வந்து நின்றால், எப்போது பார்த்தாய், எங்கே நிறுத்திப் பார்த்தாய், சூட்டிலா குளிரிலா, எவ்வளவு நேரம் விட்டுப் பார்த்தாய் என்ற நாலு கேள்வியாவது வர வேண்டாமா? 'நார்மல்' என்ற சொல் அந்தக் கேள்விகளையெல்லாம் மூடிவிடுகிறது. 'இன்ஜினை இறக்கணும்' என்பதும் அப்படியே.

என் பெரியப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். விடிகாலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், டீ குடிப்பதற்கும் முன்னால், டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிடுவார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் சேம்பருக்கு, அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, இறங்கியிருக்கும், அப்போது பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பார். டிரிப் நோட்டில் டீசல் போட்ட கணக்குக்குப் பக்கத்திலேயே ஆயில் ஊற்றிய கணக்கும் இருக்கும். "இத்தன டீசலுக்கு இத்தன ஆயில்னு ஒரு கணக்கு இருக்குது. அது மாறுச்சுன்னா வண்டி என்னமோ சொல்லுதுன்னு அர்த்தம்." கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அவர் ஒருநாளும் பேசியதில்லை. சின்ன வயதில் அது ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த விவகாரத்தில் மாட்டியபிறகுதான் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்ஜினுக்குள்

ஆயிலே குறையாத இன்ஜின் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும் சுவரில் ஒரு மெல்லிய ஆயில் படலம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உலோகமும் உலோகமும் உரசிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் படலம் நிற்பதற்காகவே சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் போட்டிருப்பார்கள். பிஸ்டனின் மூன்றாவது ரிங்குக்கு வேலையே அதிகப்படி ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது. வழித்தபிறகும் மிச்சம் இருக்கும் படலத்தில் ஒரு துளி, ஒவ்வொரு தடவையும் நெருப்பில் எரியும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் எரிவது வேறு, 6,500-இல் எரிவது வேறு. வேகம் கூடும்போது ரிங் தன் பள்ளத்துக்குள்ளேயே அதிரும், வழிக்கும் வேலை அவ்வளவு சுத்தமாக நடக்காது.

டிராக்கில் இதைவிட முக்கியமான இடம் நேர்ப்பாதையின் முடிவு. முழு வேகத்தில் வந்து ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்கை மிதிக்கும் அந்த இரண்டு மூன்று நொடி. காற்றை உள்ளே விடும் கதவான திராட்டில் மூடியிருக்கும், இன்ஜின் இன்னும் உச்சத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே இழுக்கக் காற்று இல்லாததால் சிலிண்டருக்குள் வெற்றிடம் போல ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. அது ரிங்கைத் தாண்டியும் வால்வு தண்டு வழியாகவும் ஆயிலை இழுக்கிறது. எனக்குப் பின்னால் ஓட்டி வந்த நண்பன், "நீ வளைவுக்குள்ள போய் திரும்ப மிதிக்கறப்ப ஒரு கொத்து நீலப் புகை வருது" என்று சொன்னது இதைத்தான்.

அப்புறம் வளைவு. நீண்ட வளைவில் கார் உடம்பை ஒரு பக்கம் தள்ளுவதுபோலத்தான் சேம்பரில் உள்ள ஆயிலையும் தள்ளுகிறது. அது பக்கச்சுவரில் ஏறி, பிரீதர் என்ற ஆவிக்குழாய் வழியாகப் புகும் ஆவியோடு சேர்ந்து இன்ஜினின் மூச்சுக்குள்ளேயே போய் எரிகிறது. சூடும் இதற்குக் கூட்டு. ஊருக்குள் 90, 100 டிகிரியில் இருக்கும் ஆயில், டிராக்கில் ஐந்தாவது சுற்றிலேயே 130-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் அது நீர்த்துப்போகும், கொஞ்சம் ஆவியாகவும் போகும். இதை அளப்பதற்கு நோவாக் என்று ஒரு சோதனையே உண்டு. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். நான் போடும் ரக ஆயிலுக்கு ஐரோப்பியத் தரம் அனுமதிப்பது அதிகபட்சம் 13 சதவீதம்.

ஆயில் எரிவதை வேண்டுமென்றே செய்யும் வண்டிகளும் உண்டு. மாஸ்டாவின் ரோட்டரி இன்ஜின் அதன் முனை சீல்கள் காயாமல் இருக்க ஆயிலை அளந்து எரியும் அறைக்கே அனுப்பும். நம் ஊர் ஆர்எக்ஸ் 100-இல் சீட்டுக்குக் கீழே தனி டேங்கில் 2டி ஆயில் ஊற்றியது யாருக்கு மறக்கும்? ஃபார்முலா ஒன்னில் அணிகள் ஆயிலையே கூடுதல் எரிபொருளாக எரிக்கின்றன என்று சந்தேகம் கிளம்பி, 2018-இல் 100 கிலோமீட்டருக்கு 0.6 லிட்டர் என்றும் 2020-இல் 0.3 லிட்டர் என்றும் வரம்பு வைத்தார்கள். உலகத்திலேயே கொடூரமாக ஓட்டப்படும் இன்ஜினுக்கு வரம்பு 0.6 லிட்டராக இருந்தபோது, வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போன என் கார் ஒரு லிட்டர் குடித்தது எப்படி? இந்தக் கணக்கைப் போட்டபிறகு 'நார்மல்' என்ற பதிலை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அண்ணா முகர்ந்து பார்த்தது

மூன்று மாதம் காரை டிராக்குக்கு எடுக்கவில்லை. வாரநாட்களில் பெருங்குடியில் இருக்கும் ஆபீசுக்குப் போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர், அவ்வளவுதான். தினமும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. அது ஒரு தைரியத்தைக் கொடுத்தது. ரிங் போயிருந்தால் ஊருக்குள் ஓட்டும்போதும் கொஞ்சமாவது குறைய வேண்டுமே, குறையவில்லை என்றால் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்போடு நவம்பரில் மறுபடி இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன்.

பக்கத்து ஷெட்டில் ஒரு ஃபார்முலா காரை டெஸ்டிங்குக்குக் கொண்டு வந்திருந்தார்கள். அதன் மெக்கானிக் கோயம்புத்தூர்க்காரர், அறுபது வயது இருக்கும். எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டிப்ஸ்டிக்கை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து அவராகவே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் டிப்ஸ்டிக்கை என் கையிலிருந்து வாங்கி, கோட்டைப் பார்க்கவே இல்லை. நேராக மூக்குக்குக் கொண்டு போனார். பிறகு கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரு சொட்டு எடுத்து, மெதுவாகத் தேய்த்து, விரல்களைப் பிரித்துப் பார்த்தார். நல்ல ஆயில் என்றால் பிரிக்கும்போது ஒரு நூல் மாதிரி இழுபடும். இது இழுபடவில்லை, தண்ணீர் மாதிரி அறுந்தது.

"ஏனுங்க தம்பி, தினம் எவ்வளவு தூரம் ஓட்டறீங்க?"

"நாலு கிலோமீட்டர்ணா. போக நாலு, வர நாலு."

"அப்படிச் சொல்லுங்க. இதுல பெட்ரோல் இருக்குதுங்க. மோந்து பாருங்க."

முகர்ந்தேன். அவர் சொன்னபிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆயிலின் கனமான வாடைக்கு மேலே, பங்கில் நாசியில் ஏறும் அதே கூர்மையான வாடை. சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் ஹைவேயில் ஓட்டி வந்தும் அது போகாமல் நின்றிருந்தது. தினமும் கோட்டைப் பார்த்த நான் ஒருநாள்கூட முகர்ந்து பார்க்கவில்லை.

அவர் விளக்கியது இவ்வளவுதான், ஆனால் மூன்று மாதக் குழப்பம் அதில் தீர்ந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் அதிகமாகப் பாயும். சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் இன்ஜினில் அதில் ஒரு பங்கு சுவரில் பட்டு, எரியாமல், ரிங் வழியே சேம்பருக்கு வழிந்துவிடும். நெடுந்தூரம் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாகப் போய்விடும். நாலு கிலோமீட்டரில் ரேடியேட்டர் தண்ணீர் சூடாகிவிடும், மீட்டரில் முள்ளும் நடுவில் வந்து நின்றுவிடும், ஆனால் ஆயில் சூடாகியிருக்காது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஆயில் எரிந்து குறைகிறது, கொஞ்சம் பெட்ரோல் வழிந்து சேர்கிறது, கோடு அசையாமல் நிற்கிறது. நான் தைரியம் என்று நினைத்த அந்த அசையாத கோடுதான் கோளாறு. டிராக்கில் முதல்முறையாக ஆயில் 130 டிகிரியைப் பார்க்கும்போது, வாரக்கணக்காகச் சேர்ந்த பெட்ரோல் மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பிப் போகிறது. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் குறைந்த ஆயில் எல்லாம் அன்று குறைந்ததாகத் தெரிகிறது.

"சரிண்ணா, இத எப்படி நிரூபிக்கறது?" என்றேன்.

"ஒவ்வொரு செஷனுக்கும் தனித்தனியா அளந்து ஊத்துங்க. ரிங் போயிருந்தா மூணு தடவையும் ஒரே அளவு எறங்கும். பெட்ரோலா இருந்தா மொதல் தடவ மட்டும் தடால்னு எறங்கும்."

இவ்வளவு எளிமையான, இவ்வளவு நேர்மையான ஒரு சோதனையை இரண்டு ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து மில்லி போட்ட ஒரு பிளாஸ்டிக் குடுவையை வாங்கி வந்தேன். ஷெட்டில் சமதளமாக ஒரே இடத்தைச் சாக்பீஸால் குறித்து, நாலு டயரும் அதே குறியில் நிற்கும்படி நிறுத்தினேன். செஷன் முடிந்து சரியாகப் பத்து நிமிடம் விட்டு அளந்தேன். முதல் செஷனுக்கு மேல்கோடு வரை நிரப்ப 380 மில்லி பிடித்தது. இரண்டாவதுக்கு 100. மூன்றாவதுக்கு 90. டிப்ஸ்டிக் அளவில் ஐம்பது மில்லி முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் 380-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் தவறும் மறைக்க முடியாது. மூன்றாவது அளவை நோட்டில் எழுதிவிட்டு அவரிடம் காட்ட ஓடினேன். அவர் வேறொரு கியர்பாக்ஸில் கையை விட்டிருந்தார். எட்டிப் பார்த்து, "ரிங் நல்லாருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். அன்று அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாக எனக்கு எதுவும் இல்லை.

மொத்தம் 570 மில்லி. அப்படியானால் முதல் தடவை ஒரு லிட்டர் ஏன்? வெள்ளிக்கிழமை பார்த்தது எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், சரிவில் நிறுத்தி, ஆறிய இன்ஜினில். சனிக்கிழமை பார்த்தது செஷன் முடிந்த கையோடு, ஆயிலில் ஒரு பங்கு மேலே ஹெட்டிலும் டர்போவிலும் நிற்கும்போது. அந்த இரண்டு அளவையும் கழித்துப் பார்த்ததே தப்பு. பெரியப்பா ஏன் விடிகாலையில் மட்டும் பார்த்தார் என்பது அன்று விளங்கியது. எந்த நேரம் என்பதுகூட இரண்டாம்பட்சம்தான். தினமும் அதே நிலைமையில் பார்த்தார், அதுதான் விஷயம்.

நோட்டுக் கணக்கு

திரும்பி வந்து, சில வாரம் வழக்கம்போல ஆபீசுக்கு ஓட்டியபிறகு ஆயிலை மாற்றினேன். மாற்றுவதற்கு முன் ஒரு சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். பெட்ரோல் கலப்பு 6 சதவீதம் என்று வந்தது. ஐந்து லிட்டரில் 300 மில்லி. அண்ணாவின் மூக்கும் முதல் செஷனின் 380 மில்லியும் லேப் காகிதமும் ஒரே கதையைச் சொல்லின.

கலப்படமான ஆயில் அளவில் மட்டும் ஏமாற்றுவதில்லை. அது பலத்தையும் இழக்கிறது. 5டபிள்யூ-40 என்று கெட்டித்தன்மையைக் குறித்த ஆயிலை நாம் வாங்குவதே 150 டிகிரியிலும் குறைந்தபட்சம் இவ்வளவு கெட்டியாக நிற்கும் என்ற உறுதிக்காகத்தான். பெட்ரோல் கலந்தால் டப்பாவில் 40 என்று போட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது அதைவிட மெலிந்த ஏதோ ஒன்று. அதை ஊற்றிக்கொண்டு நீண்ட வளைவில் முழு வேகத்தில் போவது என்ன என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. சேம்பரில் அளவும் குறைந்து, பக்கவாட்டில் ஆயில் ஒதுங்கி, பம்பின் வாய் ஒரு நொடி காற்றை உறிஞ்சினால் போதும், கனெக்டிங் ராடின் பேரிங் போய்விடும். அதற்குப் பிறகு இன்ஜினை இறக்கத்தான் வேண்டும்.

பெரியப்பாவின் கணக்குக்கு வருகிறேன். டிராக்கில் ஒரு செஷனுக்கு 33 கிலோமீட்டர் ஓடுகிறது, 100 மில்லி ஆயில் எரிகிறது. கிலோமீட்டரில் பார்த்தால் 1,000-த்துக்கு மூன்று லிட்டர், கையேட்டுக்கு ஆறு மடங்கு. ஆனால் அதே 33 கிலோமீட்டரில் என் கார் பதினோரு லிட்டர் பெட்ரோலைக் குடிக்கிறது. இன்ஜின் செய்த வேலை அந்தப் பெட்ரோலில்தான் இருக்கிறது, கிலோமீட்டரில் இல்லை. பெரிய டீசல் இன்ஜின்களுக்கு இன்றும் எரிபொருளில் இத்தனை சதவீதம் என்றுதான் ஆயில் கணக்குப் போடுகிறார்கள். நாமக்கல் டிரிப் நோட்டில் இருந்தது அதே கணக்கு. 'அடித்து ஓட்டும்' காருக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது என்பது என் முடிவு. கையேட்டில் இரண்டு கணக்கையும் போட்டிருக்க வேண்டும்.

புதிய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு காட்டும், அவ்வளவுதான். அந்த சென்சார் அளவைச் சரியாகவே காட்டலாம். ஆனால் அதை முகர முடியாது, விரலில் எடுத்துத் தேய்க்க முடியாது. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

இப்போது ஞாயிறு காலைகளில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வருகிறேன். போக வர தொண்ணூறு கிலோமீட்டர், ஆயில் நன்றாகக் கொதித்து அடங்கும். திங்கட்கிழமை காலை, பேஸ்மென்ட் சரிவை விட்டு, வாசலில் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி ஒதுக்கி வைத்த சமதளத்தில் நிறுத்தியிருக்கும் காரில் அளவு பார்க்கிறேன். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது. 150 மில்லி. இந்தக் காரை வாங்கியதிலிருந்து ஊருக்குள் ஓட்டி ஆயில் குறைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டிப்ஸ்டிக்கைப் பனியன் வேஸ்டில் துடைத்து, மறுபடி விட்டு, உருவி, மூக்குக்குக் கொண்டு போனேன். ஆயில் வாடை மட்டும்தான் இருந்தது. விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பிரித்தேன், நூல் மாதிரி இழுபட்டது. நோட்டை எடுத்து, போட்ட பெட்ரோலுக்குப் பக்கத்தில் 150 என்று எழுதினேன்.